மலையேறிய காலம்

அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று சேலத்துக்காரர்கள் சொல்வார்கள். மலைமேலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். கீழே தொலைந்த காலமெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சிரைக்க ஏறி வந்து, சேர்வராயன் மலையில் ஏதோ ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, தேடிப் போனால் பார்த்துவிடலாம் என்றே தோன்றும். போன மாதம் ஆபீஸ் பீரோவை ஒழித்தபோது அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஓர் அட்டை உறை, உள்ளே ஒரு சிடி. எங்கள் ஊர் ஈரத்தில் சிடியின் பின்பக்கம் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. உறையின்மேல் உபுண்டு 6.06 என்று இருந்தது.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் மலைத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும்: செக்ரோல் எழுதுகிறவர், யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று கணக்குப் போடுகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது செக்ரோல் என்பது மடியில் வைத்தால் மடி கொள்ளாத நீளப் புத்தகம். காலையில் கங்காணி பெயர் கூப்பிட, மப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. குரலை வைத்தே கட்டத்தில் கோடு போடுவேன். மாலையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை எழுதுவேன். சனிக்கிழமை ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் கூட்டிக் கழித்து முடிக்கும்போது மணி பதினொன்றாகிவிடும். அப்படியும் ஒரு ரூபாய் எங்காவது ஒளிந்துகொள்ளும்.

1999-இல் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சேலத்துக் கடைக்காரர் பெட்டியை இறக்கி வைத்து, ஒரு சிடியைப் போட்டு, எல்லாத்தையும் ஏத்திட்டேன் சார் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அந்த ‘எல்லாம்’ என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. விண்டோஸ், கடிதம் அடிக்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, தமிழ் எழுத ஓர் எழுத்துரு. ஃபேன் வாங்கினால் இறக்கையும் சேர்ந்து வருவதுபோல் கம்ப்யூட்டர் வாங்கினால் இதெல்லாம் சேர்ந்தே வரும் என்று நினைத்தோம். உங்கள் வீட்டிலும் உங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மென்பொருளுக்குத் தனியாக ஒரு விலை உண்டு என்பதும், அதைக் கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே என்பதும் அந்த நாளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1999-இல், பிப்ரவரியில், சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தமிழ் விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் தட்டச்சு எந்திரப் பழக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து அறிவிப்புகளை அழகாகத் தமிழில் அடித்து, ஃபிளாப்பியில் போட்டு, ஏற்காட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போவேன். அங்கே அந்த எழுத்துரு இருக்காது. போனஸ் அறிவிப்பு என்று நான் அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் கலந்த கூளமாகத் திரையில் நிற்கும். கடைக்காரப் பையன் என்னைப் பார்ப்பான். எழுத்துருவையும் ஃபிளாப்பியில் தூக்கிக்கொண்டு நாளை வருகிறேன் என்று நடந்துவருவேன். தமிழைக்கூட ஒரு பூட்டுப்போட்ட பெட்டியில் வைத்து, சாவியைத் தனியாகச் சுமந்துகொண்டு அலைந்தோம்.

2006 தொடக்கத்தில் ஆடிட்டர் ஒரு நாள் மேலே வந்தார். மெஷினில் இருப்பதெல்லாம் உரிமம் இல்லாதது, நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது, முறைப்படி வாங்கிவிடுங்கள் என்று சொன்னார். நியாயம்தான். முதலாளி சேலத்திலிருந்து விலை கேட்டு வாங்கினார். ஆபீஸில் அப்போது மூன்று மெஷின். விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்தக் காசுக்கு நாலு ஏக்கருக்கு உரம் போடலாமே என்று சொன்னவர், பட்டியலை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். காபி விலை சில வருடம் கிடந்து அடி வாங்கி, தோட்டம் இன்னும் நிமிராத நேரம் அது. அந்தத் தாள் ஒரு மாதம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது.

அப்போதுதான் தம்பி வந்தான். தம்பி என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். தலைச்சோலைப் பையன். அவன் அம்மா எங்கள் தோட்டத்தில்தான் பழம் பறித்தார். அவன் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான், லீவுக்கு வந்தால் ஆபீஸ் திண்ணையில் நின்று மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் படித்துவிட்டு, “அண்ணா, இதுக்குக் காசே கொடுக்க வேணாம். ஒருத்தரு சும்மாவே போஸ்ட்ல அனுப்புறாங்க” என்றான்.

“யாரு அனுப்புறா?”

“உபுண்டுன்னு ஒண்ணு, விண்டோஸுக்குப் பதிலாப் போட்டுக்கலாம். எழுதிப் போட்டா சிடியா வரும்.”

சும்மா வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் விலாசம் கொடுத்தேன். ஆறு வாரமோ ஏழு வாரமோ கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு நாள், போஸ்ட்மேன் ரெயின்கோட்டுக்குள் கையை விட்டு ஒரு பார்சலை எடுத்தார். ஹாலந்து முத்திரை. “வெளிநாட்டுல யாருங்க சொந்தம்?” என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முகம் தெரியாத யாரோ, தபால் செலவையும் தானே போட்டு, ஐரோப்பாவிலிருந்து சேர்வராயன் மலைக்கு ஐந்து சிடி அனுப்பியிருக்கிறார்கள். உபுண்டு என்பது மனிதநேயத்தைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல் என்று தம்பி விளக்கினான். 2011-இல் அந்தத் தபால் சேவையை நிறுத்திவிட்டார்கள். இன்று அதே மென்பொருளைச் சில நிமிடங்களில் இறக்கிக்கொள்ளலாம். வசதிதான், யார் இல்லை என்பார்கள். ஆனால் வாசலில் நின்று போஸ்ட்மேன் கேட்ட கேள்வியை எந்தப் பதிவிறக்கமும் கேட்பதில்லை.

அன்று ராத்திரி ஆபீஸில் விறகு அடுப்பைப் போட்டு, வரக்காபி வைத்துக்கொண்டு, மூன்று மெஷினில் பழையதாக இருந்த ஒன்றில் சிடியைப் போட்டோம். அந்த மெஷினில் நினைவகம் சரியாக 256 எம்.பி., அதற்குக் கீழே இருந்தால் ஓடாது என்று தம்பி பயந்துகொண்டே இருந்தான். திரை காபிக்கொட்டை நிறத்தில் விரிந்தது. உள்ளே நுழைந்ததும் பறை மாதிரி ஒரு சின்னத் தட்டு ஒலி. அந்த ஒலியை இன்று எங்கே கேட்டாலும் எனக்கு விறகுப் புகை மணக்கும்.

மறுநாளே எல்லாம் சரியாக ஓடியது என்று சொன்னால் பொய். உள்ளே இருந்த மோடம் விண்டோஸை நம்பியே பிறந்தது, உபுண்டுவுக்கு அடியில் ஓடும் லினக்ஸில் அது உயிரில்லாத தகடு. ஒரு வாரம் போராடி, கடைசியில் சேலத்தில் பழைய வெளி மோடம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டோம். ஏப்ரல் மே இடிக்கு ஏற்காட்டில் எத்தனை மோடம் கருகியது என்பது டெலிபோன் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும், அதனால் மழை இருட்டினாலே ஓடிப்போய் வயரைப் பிடுங்குவேன். ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நின்றது. தம்பி பஸ் ஏறிப்போய் சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடியில் கூடும் கூட்டத்தில் உட்கார்ந்து, யார் யாரிடமோ கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். யாரும் அவனிடம் நீ யார், எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லையாம். பிரச்சினை என்ன என்றுதான் கேட்டார்களாம். அதை அவன் சொன்ன விதத்தை என்னால் மறக்க முடியாது. பாலிடெக்னிக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகிய பையன் அவன்.

யாரும் திறந்து பார்த்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கக்கூடிய இந்த மாதிரி மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லாக இருப்பதால், காசைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறேன் என்று வாழ்நாளெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்குப் பிறகு அது மலை முழுக்கப் பரவியது ஒருவர் தோட்டத்து நாற்றை இன்னொருவர் வாங்கி நட்டதால்தான். மிளகுக் கொடியில் ஒரு துண்டு வெட்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தால் நம் கொடி குறைவதில்லை. தோட்டக்காரனுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

காசு மிச்சமானதில் முதலாளிக்குச் சந்தோஷம். எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு. ஓபன்ஆபீஸ் விரிதாளில் தம்பி எங்கள் செக்ரோலை முழுக்கத் தமிழில் போட்டுக் கொடுத்தான். அதுவரை சம்பளச் சீட்டில் நம்பர்தான் இருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில் நான் சுருக்கி அடித்த பெயர். அந்த நவம்பரில் முதல்முறையாகத் தமிழில் பெயர் போட்ட சீட்டு வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தமிழைப் படமாக வரைந்துதான் அடிக்கும், ஒவ்வொரு சீட்டுக்கும் கர்ர் கர்ர் என்று பொறுமையைச் சோதிக்கும். வரிசையில் நின்ற ஒரு பாட்டி சீட்டை வாங்கி, வெளிச்சத்துக்காகத் திண்ணைக்குப் போய், எழுத்துக்கூட்டி, தன் பெயரையும் புருஷன் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். அறிவொளி இயக்கத்தில் கற்ற எழுத்து, பத்து வருடத்துக்கு மேல் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குச் சம்பளத்தில் உதவியது. பெயருக்குக் கீழே கிலோ, அதற்குக் கீழே கழிவு, அதற்குக் கீழே ரூபாய். பாட்டி கழிவு என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“இது எதுக்கு ரைட்டரு?”

மழை நாளில் சாக்கு நனைந்திருக்கும், தண்ணீர் எடை சேரும், அதற்காக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம் என்று சொன்னேன். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான், நீளப் புத்தகத்தில் அதை நான் மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு மீதியைத்தான் எழுதுவேன். அதுவரை யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது அது ஒரு வரியாக, தமிழில், சீட்டில் நின்றது. ரெண்டு கிலோ எப்படி வரும் என்று பாட்டி கேட்டார், பின்னால் நின்ற தம்பியின் அம்மா கேட்டார், வரிசையே கேட்டது. முதலாளியும் நல்ல மனுஷர், சரி எடை போட்டே பார்ப்போம் என்றார். காய்ந்த கோணிச்சாக்கு ஒன்றையும் தொட்டியில் முக்கி எடுத்துச் சொட்ட விட்ட சாக்கு ஒன்றையும் தராசில் மாற்றி மாற்றி வைத்தோம். வித்தியாசம் ஒரு கிலோவைச் சுற்றித்தான் வந்தது. தம்பி அங்கேயே மெஷினில் உட்கார்ந்து, சூத்திரத்தைத் திறந்து, இரண்டை அழித்து ஒன்று போட்டான். அவ்வளவுதான். ஒரு விசை. இத்தனை வருடம் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நான் கழித்த கூலியை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மென்பொருளின் மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்று அறிவாளிகள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது அந்தத் தராசடியில்தான்.

அந்த வருடங்கள் அப்படிப்பட்ட வருடங்கள். எங்கள் மலையில் மட்டும் நடந்த கூத்தில்லை அது. சென்னையில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் தலைமையில் இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் சூசே லினக்ஸுக்கு மாற்றப் புறப்பட்டிருந்தார், 2007-இல் பத்திரிகைகளில் அதுதான் பேச்சு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலும் சிடாக்கிலும் கட்டற்ற மென்பொருளுக்கென்றே தேசிய மையம் வேலை செய்துகொண்டிருந்தது, அங்கிருந்து பாஸ் லினக்ஸ் வந்தது. பக்கத்துக் கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக்கூடங்களை முழுக்க லினக்ஸுக்குக் கொண்டுபோயிற்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிலேயே பரீட்சை எழுதினார்கள், இன்றும் அந்த வழியிலிருந்து அவர்கள் விலகவில்லை. முகுந்தராஜ் செய்துகொடுத்த எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கொண்டு உலகமெங்கும் தமிழர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ஆவண வடிவத்தை உலகத் தரமாக்கக் கேட்டபோது, 2007-இலும் மறுபடி 2008-இலும் இந்தியா வேண்டாம் என்றே வாக்களித்தது. தரம் என்னவோ நிறைவேறிவிட்டது, ஆனால் ஒரு நாடு எழுந்து நின்று கை தூக்கி மறுத்ததைப் பேப்பரில் படித்தபோது, சீட்டில் விரல் வைத்துக் கேட்ட பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-இலேயே லினக்ஸுக்கு மாறும் முடிவை எடுத்திருந்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க வந்தார் என்பது ஊரறிந்த கதை. அப்படியும் நகரம் அசையவில்லை, பத்து வருடம் உழைத்து, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெஷின்களை மாற்றி முடித்தார்கள். முடித்து நாலே வருடத்தில், 2017-இல், விண்டோஸுக்கே திரும்புவது என்று நகர்மன்றம் தீர்மானித்தது. அதைப் படித்த அன்று என் வீட்டில் யாரோ இறந்ததுபோல் இருந்தது. நம் ஊரிலும் அதே கதைதான், இன்னும் அமைதியாக நடந்தது. எல்காட்டில் அதிகாரி மாறினார், வேகம் போயிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது, திறக்கும்போது எந்த வாசல் என்று கேட்கும். எங்கள் மலைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாசலைத்தான் திறந்தார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கு மற்ற வாசல் பழக்கமில்லை, பிரவுசிங் சென்டர் அண்ணனுக்குத் தெரியாது, வேலை கொடுக்கிறவன் விளம்பரத்தில் கேட்பது எம்.எஸ். ஆபீஸ். மென்பொருள் நல்லதா கெட்டதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்து ஒதுக்கவில்லை. பக்கத்து மேஜையில் என்ன ஓடுகிறதோ அதுதான் நம் மேஜையிலும் ஓடும்.

எங்கள் ஆபீஸும் அப்படித்தான் திரும்பியது. தம்பி படிப்பு முடிந்து பெங்களூர் போனான். எந்த அரசு அலுவலகத்துக்குப் படிவம் அனுப்பினாலும் குறிப்பிட்ட விரிதாளில்தான் கேட்டார்கள், அது ஓபன்ஆபீஸில் சரியாகத் திறக்காது. ஆடிட்டரின் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். டிஜிட்டல் கையெழுத்துக் குச்சி லினக்ஸ் மெஷினில் செருகினால் பேசாது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் முதலாளியின் மகன் மூன்று மெஷினையும் மாற்றினார், இந்த முறை முறையாகக் காசு கொடுத்து. நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு மாதமும் படிவத்தோடு மல்லுக்கட்டி எனக்கும் கை சோர்ந்திருந்தது. இன்று அதையும் தாண்டிவிட்டோம். செக்ரோல் இப்போது செல்போனில் ஒரு செயலி, மாதாமாதம் சந்தா. மேகத்தில் இருக்கிறது கணக்கு என்கிறார்கள், ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளேயே வந்து உட்காரும் ஊரில் இதைச் சொல்லும்போது ஒரு விநாடி திகைப்பாகத்தான் இருந்தது.

நல்லதையும் சொல்லவேண்டும். ஒளிந்துகொள்ளும் ஒரு ரூபாய் இப்போது இல்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறேன். சம்பளம் நேராக வங்கிக்குப் போகிறது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடை அரசே ஏற்ற பிறகு எழுத்துருச் சாவியைச் சுமந்து அலையும் பாடு ஒழிந்தது, பறிக்க வரும் பெண்கள் எல்லோர் போனிலும் தமிழ் தானாக ஓடுகிறது. அந்த போன்களின் அடியில் இருப்பது லினக்ஸ் கருநிரல்தான் என்பதை நினைத்தால் மனசு நிறைகிறது. உலகத்தின் மிக வேகமான 500 கணினிகளும் 2017 கடைசியிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ் இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதே ஜெர்மனியில் ஒரு மாநிலம், ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன், 2024-இல் முப்பதாயிரம் அரசு மெஷின்களை ஓபன்ஆபீஸின் வாரிசான லிப்ரேஆபீஸுக்கு மாற்ற முடிவு செய்தது. அதனால் தோற்றுவிட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூண் முழுக்க நாம் நட்டது, வீட்டுப் பத்திரம் மட்டும் வேறு யார் பெயரிலோ இருக்கிறது.

போன மழையில் பறிப்பு நடந்தபோது, அன்றைக்குச் சீட்டைப் படித்த பாட்டியின் பேத்தி போனைக் காட்டிக் கேட்டாள்.

“சார், ஈரக் கழிவு எவ்வளவு போடுதுங்க இது?”

பார்த்தேன். மொத்த எடை இருந்தது, நிகர எடை இருந்தது, நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். எங்கேயோ ஒரு நகரத்திலிருந்து மரியாதையாகப் பேசிய பையன், அது சிஸ்டம் கால்குலேட் பண்றது சார், நம்மால் மாற்ற முடியாது என்றான். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னான். அவனுக்கும் அந்தப் பெட்டி திறக்காது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

பீரோவில் சிடி கிடைத்தது அதற்குப் பிறகுதான். சிடி படிக்காது என்று தெரியும். அதன் கீழே ஒரு பென் டிரைவ் இருந்தது, தம்பி போகும்போது எல்லாக் கோப்பையும் போட்டுக் கொடுத்தது. வீட்டில் மகளின் லேப்டாப்பில் லிப்ரேஆபீஸ் இருந்தது, செருகிப் பார்த்தேன். 1999-இல் நான் அடித்த போனஸ் அறிவிப்பு அதே ஆங்கிலக் கூளமாக நின்றது, அந்த எழுத்துரு இன்று எங்கும் கிடைப்பதில்லை. 2006 செக்ரோல் திறந்தது. ஒரு கொம்பு இடம் மாறாமல், ஒரு புள்ளி குறையாமல், அத்தனை பெயரும் தமிழில். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன், பாதிப் பேர் இப்போது இல்லை. கழிவு என்ற பத்தியின் தலையில், கட்டத்தின் மூலையில், குறிப்பு இருப்பதைக் காட்டும் சின்னச் சிவப்புப் புள்ளி. இத்தனை வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. அம்பைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். மஞ்சள் பெட்டியில் தம்பி எழுதியிருந்தான்:

“மழை நாள் கழிவு ஒரு கிலோ. தராசில் வைத்துப் பார்த்தது. சாக்கு மாறினால் மறுபடி எடை போட்டுப் பார்த்து இந்த எண்ணை மாற்றவும்.”

இப்போது கோணிச்சாக்கு இல்லை, பிளாஸ்டிக் சாக்குதான். அது தண்ணீரைக் குடிக்காது. நவம்பர் முதல் வாரம் பழம் சிவக்கத் தொடங்கிவிடும். தராசைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், பேத்தியை வரச் சொல்லியிருக்கிறேன், முதல் மழைக்கு ஒரு சாக்கை முக்கிப் பார்க்க வேண்டும்.